பூவலிங்கம் வேகவைத்த கொண்டைக்கடலை

ஆலங்கிணற்றுப் பூவலிங்கத்துக்கு நாற்பது வயது முடிந்துவிட்டது, கல்யாணம்தான் முடியவில்லை. ஆளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டுமே செய்வான், அதுதான் சங்கடம். போன தடவை பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தபோது, "அவங்க ஏதும் கேட்டா மட்டும் பேசுங்கலே" என்று அக்கா தவமணி சொல்லி வைத்திருந்தாள். வந்தவர்கள் கூச்சக்காரர்கள், எதுவும் கேட்கவில்லை. பூவலிங்கமும் தம்பிகள் சொரிமுத்துவும் வெள்ளைத்துரையும் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இந்தத் தடவை பெண்ணின் பெயர் முப்பிடாதி. போட்டோவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பூவலிங்கத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இவளும் கைவிட்டுப் போனா நான் தாங்க மாட்டேன்லே" என்று தம்பிகளிடம் வாய்விட்டே சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அப்பா வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

அக்காவால் வர முடியவில்லை, மாமியார் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமையே போனில் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்புவரை படித்த சொரிமுத்து, அவள் சொல்லச் சொல்லக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்.

"மூணு படி கொண்டக்கடலைய ராத்திரி ஊறப்போடுங்க. காலைல மொத்தமா வேக வைங்க. ஒரு கடலைய நசுக்கிப் பாருங்க. நசுங்கலன்னா வேவலன்னு அர்த்தம், மறுபடி வேக வைக்கணும். வெந்தத ஆறவெச்சு, பொட்டலம் பொட்டலமாக் கட்டி நான் தந்த பிரிட்ஜில பிரீசர்ல வைங்க. தெனம் ஒரு பொட்டலம் எடுத்துத் தின்னுங்க. வெள்ளிக்கிழம ஒண்ண எடுத்துத் தாளிச்சு வந்தவங்களுக்குக் குடுங்க. எப்ப எடுத்தாலும் நசுக்கிப் பாக்காமக் குடுத்துராதீங்க, மானம் போயிரும்."

எடுத்த பொட்டலத்தில் ஐஸ் விடும்வரை பொறுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை, கூடப் பிறந்தவளுக்கே தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை மூடியைத் திறந்தால், ராத்திரி பாதித் தவலைக்கு ஊறப்போட்ட கடலை விளிம்புவரை நின்றது. அளந்து பார்த்தார்கள். ஆறரைப் படி.

"யாரோ நம்ம தவலையில கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் சொரிமுத்து.

"எதுக்குப் போடணும்?"

"அவன் வீட்ல தவலை இல்லாம இருக்கும்."

பூவலிங்கம் யோசித்துப் பார்த்தான். "எவனோ ஒருத்தன் பொருள வெச்சுக்கிட்டு நான் பொண்ணு கேக்க மாட்டேன். கடலை விக்கது ஊர்ல ஒரே கடைதான். அங்கயே திருப்பிக் குடுத்துருவோம்."

மூன்றரைப் படியைச் சாக்கில் கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுமந்துபோனார்கள். கடைக்காரர் அருமைநாயகத்துக்கு இவர்களைப் பற்றித் தெரியும். எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் மூன்று நாள் சுண்டல் மணத்தது.

மிச்சத்தை வேகவைத்தார்கள். நசுக்கினார்கள், நசுங்கியது. ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்துவிடலாம் என்ற வெள்ளைத்துரையைப் பன்னிரண்டாவது கடலையில் தடுத்து நிறுத்தினான் பூவலிங்கம். ஆறவைத்து, கட்டி, பிரீசரில் அடுக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலத்தை எடுத்து, அக்கா சொன்னபடி நசுக்கினார்கள். பூவலிங்கத்தின் விரல்தான் சிவந்தது. கடலை கல்லு மாதிரி இருந்தது.

"நேத்து வெந்துச்சேண்ணே!"

"வெந்தது திரும்பிட்டு" என்றான் சொரிமுத்து.

"அப்படியும் நடக்குமா?"

"ஊறினது காயுதுல்லா? அப்ப வெந்தது வேகாமப் போவக் கூடாதா?"

வெள்ளைத்துரைக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், இருட்டுக்குள்ள தனியாக் கெடந்து பயந்திருக்கும்."

"இருட்டெல்லாம் இல்ல, நான் தெறந்து பாத்தேன். உள்ள லைட் எரிஞ்சிக்கிட்டுதான் இருக்கு" என்றான் பூவலிங்கம்.

காலண்டர் தாளைப் பார்த்தார்கள். நசுங்கலன்னா மறுபடி வேக வைக்கணும், வெந்தத ஆறவெச்சுக் கட்டி பிரீசர்ல வைக்கணும். எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டி வேகவைத்து, ஆறவைத்து, கட்டி, வைத்தார்கள். புதன்கிழமை எடுத்தால் கல்லு. திரும்பவும் வேகவைத்தார்கள். வியாழக்கிழமையும் கல்லு. அன்றைக்கு அடுப்பிலிருந்து இறக்கியபோது கடலையை நசுக்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாலே நசுங்கியது. ஆனாலும் தாளில் உள்ளபடி கட்டி உள்ளே வைத்தார்கள். வேகாததைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று மூன்று பேரும் மூன்று நாளாக மோரும் சோறும்தான்.

பூவலிங்கம் பயந்துபோய் அக்காவுக்குப் போன் போட்டான். கொடையில் மேளம் காதைப் பிளந்தது.

"அக்கா, கடலை வேக மாட்டேங்குது!"

"வேவலன்னா இன்னும் வேக வைலே!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முப்பிடாதியின் அப்பா சுடலைக்கண்ணு, தன் தம்பியோடு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். உள்ளே பொட்டலத்தைப் பிரித்தால் செங்கல் மாதிரி இருந்தது. வேறு வழியில்லை. பூவலிங்கம் அதை அப்படியே தட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.

"மன்னிச்சுக்கிடுங்க மாமா. அஞ்சு நாளா அடுப்ப விட்டு நவுரல. கடலை இன்னும் வேவல."

சுடலைக்கண்ணு தட்டை வாங்கினார். ஒரு கடலையைப் பெயர்த்து நசுக்கிப் பார்த்தார். கடித்துப் பார்த்தார். பல்லைத் தடவிக்கொண்டே தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பியும் ஒன்றைக் கடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். போயிற்று என்று பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

சுடலைக்கண்ணு எழுந்துவந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"எங்க வீட்ல போன தையில பிரீசர்ல வெச்ச பட்டாணி, மாப்ள. இன்னும் வேவல. ஊரே எங்களக் கிறுக்கன்னு சொல்லுது. நீங்க அஞ்சு நாளு விடாம வேக வெச்சிருக்கீங்க. எம் பொண்ணு பொழச்சா இந்த வீட்லதான் பொழப்பா."

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். தேதி என்ன என்று பூவலிங்கம் ஆசையாகக் கேட்டான்.

"வேகாத பண்டத்த வீட்ல வெச்சுக்கிட்டு நல்ல காரியம் பண்ணப்பிடாது" என்றார் சுடலைக்கண்ணு. "உங்க கடலையும் எங்க பட்டாணியும் வேவட்டும். மறுநாளே தாலி கட்டிரலாம்."

நியாயமான பேச்சு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் போயிற்று. பூவலிங்கம் இளைத்துவிட்டான். காலையில் வேகவைப்பான், சாயங்காலம் நசுக்குவான், போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். சேதி கேட்டு மாமனாருக்கு மனசு பொறுக்கவில்லை. மாப்பிள்ளையின் பிரிட்ஜ் பழசு, அதில் வைத்தால் கடலை எப்படி வேகும் என்று தம்பியிடம் நொந்துகொண்டார். கல்யாணம் இந்த ஆவணியிலேயே நடக்கட்டும் என்று, ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, ஆள் படுக்கிற நீளத்தில், அந்த மாதிரி ஒரு பிரீசரை லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். கடையில் இருந்ததிலேயே அதிகமாக உறையவைக்கிறது எதுவோ, அதைத்தான் கேட்டு வாங்கினாராம்.