வைக்கப்பிரியில ஏறுன விலாங்குக் குட்டி

ஒரு ஆத்துல ஒரு சுவர் இருந்துச்சாம் ராசாத்தி. தண்ணியை மறிச்சு வயக்காட்டுக்குத் திருப்பி விடுறதுக்கு அந்தக் காலத்துல கட்டுன கல்லுச் சுவர். அதுக்கு மேல்பக்கம், மருத மரம் கவிஞ்சு கிடக்குற ஆழமான ஒரு மடு. ம் சொல்லு, அப்பத்தான் கதை நடக்கும். ஆங்.

அந்த மடுவுல ஒரு விலாங்கு இருந்தா. பாக்க பாம்பு மாதிரி நீளமா இருப்பா, ஆனா மீனுதான். மத்த மீனுக்கு இல்லாத ஒரு வழக்கத்தை சாமி விலாங்குக்கு வச்சிருக்கு. வளர்றது ஆத்துல, முட்டை போடுறது நடுக்கடல்ல. அதனால ஒரு அடைமழை வெள்ளத்துல அவ சர்ர்ர்ருன்னு சுவரைத் தாண்டி, ஆத்தோட போயி, கடல்ல முட்டை போட்டா. போட்டதும் அவ ஆயுசு முடிஞ்சுது.

அப்போ அந்த முட்டையிலருந்து வந்தவதான் நம்ம கண்ணாடி. ஏன் அந்தப் பேருன்னா, உடம்பு அப்படி. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். உள்ள கடுகு மாதிரி நெஞ்சு துடிக்கிறதுகூட தெரியும், துடுக் துடுக் துடுக்குன்னு.

அவ அம்மாவைப் பாத்ததில்ல. ஆத்தையும் பாத்ததில்ல. அலையில மிதந்து மிதந்து வந்தவளுக்கு, ஒரு நாள் உப்புக்கு நடுவுல ஒரு துளி இனிப்புத் தண்ணி வாயில பட்டுச்சு. அது அம்மா இருந்த ஆறுதானான்னு அவளுக்குத் தெரியாது. மேல போகணும். அது மட்டும் தெரியும்.

ம்?

அப்புறம் அவளும் அவ கூட்டமும் ஆத்து வாயில நுழைஞ்சாங்க. அங்க ஒரு கொடுவா மீன் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. லபக்கு, லபக்கு. கண்ணாடி சேத்துக்குள்ள தலையை விட்டுப் படுத்துக்கிட்டா. கொடுவா போனதும் எந்திரிச்சா. மேல போகணும்.

அப்புறம் மணல் அள்ளுன பள்ளம் வந்துச்சு. தண்ணி கணுக்கால் அளவுதான், கரையெல்லாம் கொக்கு. டொக்கு, டொக்கு. அவ ஒரு கல்லு இடுக்குல நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு, பொழுது சாய்ஞ்சு கொக்கெல்லாம் பறந்த பிறகு நகர்ந்தா. மேல போகணும்.

அப்புறம்தான் அந்தச் சுவர் வந்துச்சு.

விலாங்குக் குட்டிக்குச் சுவர் ஒண்ணும் பெரிய விசயமில்ல. ஈரப் பாசி இருந்தா போதும், வயித்தை ஒட்டி ஒட்டி நெளிஞ்சு ஏறிரும். அது அம்மா, பாட்டி எல்லாரும் ஏறுன பாசி. ஆனா அந்த வருசம் சுவர்ல பாசியே இல்ல. வழவழன்னு சிமிண்டு. அதுக்கு மேல பளீர்னு வெள்ளை.

யாரு அப்படிச் செஞ்சதுன்னு கேளு.

அந்த ஊர்ல பேச்சியம்மனுக்கு ஆடி மாசம் கொடைத் திருவிழா நடக்கும். கொடைக்கு முன்னால ஆத்துப் படித்துறைக்கு வெள்ளை அடிக்கிறது வழக்கம். அந்த வருசம் கோயில் பொறுப்பைப் பாத்துக்கிட்ட உய்க்காட்டான் அண்ணாச்சி, படித்துறை வெளுத்துக் கிடக்க சுவர் மட்டும் பச்சையா இருந்தா நல்லாவா இருக்குன்னு கேட்டாரு. கோடையில தண்ணி வத்துனப்போ பாசியைச் சுரண்டி, பூசி, வெள்ளை அடிக்கச் சொல்லிட்டாரு.

பூச்சைத் தேய்ச்சவ வள்ளிமயிலு. சித்தாள் வேலைக்குப் போறவ. அவ கை பட்டா பூச்சு கண்ணாடியா இருக்கும். ஈ உக்காந்தாலும் வழுக்கி விழும்னு படித்துறையில துணி துவைக்கிற பொம்பளைங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சா. உன் வீட்டுத் தரை அப்படி இல்லையேட்டின்னு அவங்களும் கேலி பண்ணாங்க.

அப்போ சாரல் பிடிச்சு ஆத்துல புதுத்தண்ணி வந்துச்சு. கொடைக்கு இன்னும் ஒரு வாரம். வள்ளிமயிலு குடம் எடுத்துட்டுப் போனவ, சுவத்தடியில கொக்குக் கூட்டத்தைப் பாத்தா. என்னன்னு குனிஞ்சா, கண்ணாடி நூல் மாதிரி விலாங்குக் குட்டிங்க கிடக்குது, ஆயிரக்கணக்கா. ஒண்ணு ஏறுது, வழுக்குது, விழுது. மறுபடி ஏறுது, வழுக்குது, விழுது.

சின்ன வயசுல அதே சுவர்ல குட்டிங்க ஏறுறதை வேடிக்கை பாத்தவ அவ. இப்போ அவ தேய்ச்ச தேய்ப்புலதான் அத்தனையும் வழுக்குது. பேச்சித்தாயே, நான் அழகுன்னு நினைச்சுல்லா செஞ்சேன்னு கும்பிட்டா. கும்பிட்டுட்டு சும்மா உக்காரல.

முதல்ல குடத்துல அள்ளி மேல கொண்டுபோய் ஊத்துனா. ஒரு குடம் ஊத்திட்டு வர்றதுக்குள்ள கொக்கு ரெண்டு குடத்துக்குத் தின்னுருச்சு. அப்புறம் தென்னங்கீத்தைச் சாத்தி வச்சா. தண்ணி அதை வாரிச் சுருட்டிட்டுப் போயிருச்சு. பூச்சைக் கொத்தி விடுங்கன்னு அண்ணாச்சிகிட்டப் போயி நின்னா. கொடை முடியட்டும் பாக்கலாம்னுட்டாரு. கொடை முடியுற வரைக்கும் கொக்கு பொறுக்குமா?

ம்... தூங்கிட்டியா? இல்லையே? சரி.

அப்போ திரும்பி வந்தவ, குடத்தைத் தலையில வைக்க சும்மாட்டை எடுத்தா. வைக்கோலைக் கயிறு மாதிரி பிரியாத் திரிச்சு வளையமா சுத்துன சும்மாடு. சுவத்தடியில நனைஞ்சு கிடந்துச்சு. கையில எடுத்தா குறுகுறுங்குது. உள்ளுக்குள்ள வைக்கோலுக்கு நடுவுல ஒருத்தி நெளிஞ்சு நெளிஞ்சு மேல வர்றா. வேற யாரு? நம்ம கண்ணாடிதான்.

வள்ளிமயிலு அவளைப் பையத் தண்ணியில விட்டா. ஒரே ஓட்டமா வைக்கப்போருக்கு ஓடுனா. அந்தி மட்டும் உக்காந்து நீளமா ஒரு பிரியைத் திரி திரின்னு திரிச்சா, உள்ளங்கை செவந்து போச்சு. சுவரோரம் தண்ணி லேசாக் கசியுற இடமாப் பாத்து, மேல கல்லைக் கட்டி, பிரியைத் தொங்க விட்டா. சொட்டுச் சொட்டா நனைஞ்சு பிரி முழுசும் ஈரமாச்சு.

விடிஞ்சதும் அண்ணாச்சி வந்துட்டாரு. சீரியல் பல்பு போடுற இடத்துல இது என்ன அசிங்கம், கோயிலுக்கு வர்ற சனம் சிரிக்கும், அவுத்துப் போடுன்னாரு.

வள்ளிமயிலு தலை குனிஞ்சுதான் நின்னா, ஆனா நகரல.

"பேச்சி இந்த ஆத்துக்குத்தான அண்ணாச்சி காவல்? ஆத்துக்கு வர்ற பிள்ளைகளை வாசல்நடையில நிறுத்திப்போட்டு, அவளுக்குக் கொடை எடுத்தா அவ வாங்குவாளா?"

அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு. அப்போ பாதிப் பிரியில கண்ணாடி ஏறிக்கிட்டிருந்தா. ஒரு முழம் ஏறுவா, வழுக்குவா, வைக்கோலைக் கவ்வுன மாதிரி ஒட்டிக்குவா, மறுபடி ஏறுவா. உள்ள அந்தக் கடுகு நெஞ்சு, துடுக் துடுக் துடுக். அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

அப்புறம் எந்திரிச்சு, "நேராவாச்சும் கட்டுட்டி, கோணலாத் தொங்குது"ன்னாரு. சொல்லிட்டு, பக்கத்துல நின்ன கொக்கை அவரே துண்டை வீசி விரட்டுனாரு.

கண்ணாடி மேல வந்துட்டா. சுவத்து நெத்தியில ஒரு நிமிசம் மூச்சு வாங்குனா. அப்புறம் ப்ளுக். மடுவுக்குள்ள விழுந்தா. இருட்டு, குளிர்ச்சி, மருத வேரு. அவ பின்னால ஒண்ணு, அதுக்குப் பின்னால ஒண்ணு, ப்ளுக், ப்ளுக், ப்ளுக்.

இப்போ அவளுக்குக் கண்ணாடி உடம்பு போயி சேத்து நிறம் வந்துருச்சு. நல்லா வளர்ந்துட்டா. ஒரு வெள்ளத்துல அவளும் கடலுக்கு இறங்குவா. திரும்பி வரமாட்டா. அவ பிள்ளைங்க வருவாங்க, வழி கேக்க ஆளில்லாம.

அதனால அந்த ஊர்ல ஆடிக்கொடைக்கு மாவிலைத் தோரணம் கட்டுறதுக்கு முன்னாடி வைக்கப்பிரிதான் கட்டுவாங்க. போன வருசத்துப் பிரி மக்கிப் போயிருக்கும். வருசா வருசம் புதுசாத் திரிக்கணும். திரிக்கிறதுக்குக் கை வேணும். எங்க, உன் கையைக் காட்டு. ம், இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

சாமி, ஏறுற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பிடிமானம் குடுப்பா.

கதை மடுவுல இறங்கிருச்சு. நீயும் கண்ணை மூடிக்கிட்டு இறங்கு, கண்ணு.