கரைக் காவலரான நீர்நாய்

மூன்று பக்கம் மலையும் நான்காம் பக்கம் மண்கரையுமாக, நடுவே ஓர் ஏரி கிடந்த ஒரு காட்டில், ஆரலி என்றொரு பெண் நீர்நாய் வாழ்ந்து வந்தது. கரையோரப் பாறை இடுக்கில் அதன் வளை இருந்தது. துணைவன் மடுவனும் இரண்டு குட்டிகளும் அதனுடன் இருந்தன.

அந்தக் கரைதான் காட்டுக்கே உயிர். மலையில் பெய்த மழையெல்லாம் ஓடி வந்து அதன்மேல் மோதி நிற்கும். கோடையில் வேறெங்கும் தண்ணீர் இல்லாதபோது மான், முயல், முள்ளம்பன்றி, குரங்கு எல்லாம் அங்கேதான் வந்து குடிக்கும். கரை முழுவதும் கோரைப் புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. கோரையின் வேர் மண்ணுக்குள் பின்னிப் பிணைந்து கரையை இறுகப் பிடித்திருந்தது.

ஒரு சித்திரை மாதக் காலையில் ஆரலி மீன் பிடிக்கப் போனபோது தண்ணீர் கலங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தது. கரையின்மேல் ஒரு காட்டுப்பன்றி மூஞ்சியால் மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. கிளறிய மண் கட்டி கட்டியாக ஏரியில் விழுந்தது.

"அண்ணே, அது கரை. அதைத் தோண்டாதீர்கள்," என்றது ஆரலி.

"கிழங்கு இனிக்கிறது, அம்மா," என்றது காட்டுப்பன்றி மென்றபடியே.

"கோரை போனால் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. ஐப்பசி மழைக்குக் கரை உடைந்துவிடும்."

"கரை எவ்வளவு பெரியது, என் வாய் எவ்வளவு சிறியது. அப்படியே உடைந்தாலும் ஐப்பசியில்தானே? எனக்குப் பசிப்பது இன்றைக்கு."

"தலைவரிடம் சொல்வேன்."

காட்டுப்பன்றி அப்போதுதான் தலையைத் தூக்கியது. "தாராளமாகச் சொல். ஆடி மாதம் தலைவர் தேர்தல் வருகிறது. எங்கள் குடும்பத்தில் மட்டும் இருபத்து மூன்று பேர். தலைவர் யார் பக்கம் நிற்பார் என்று நீயே யோசித்துப் பார்."

காட்டின் தலைவராக இருந்தது ஒரு நரி. ஆரலி அதனிடம் போய் முறையிட்டது. "விசாரிக்கிறேன்," என்றது நரி. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு அடுத்த நாள் அதன் குகை வாசலில் நரி இல்லை.

ஆரலி வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கியது.

கரைக்குக் கீழே இருந்த புல்வெளியில் ஒரு மான் தன் குட்டியோடு வசித்தது. அது எதற்கும் அஞ்சும். "நீ சொல்வது முழுக்கச் சரி," என்றது மான். "ஆனால் நான் அப்படிச் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே."

குரங்கு கிளையைவிட்டு இறங்காமலே, "நான் மரத்தில் இருப்பவன். எனக்கு எதற்குக் கரை?" என்றது.

"நேற்று எங்கே தண்ணீர் குடித்தீர்கள்?" என்று ஆரலி கேட்டது. குரங்கு அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது.

இப்படியே வைகாசி போயிற்று. எதிரே ஆரலி வருவது தெரிந்தால் விலங்குகள் வழியை மாற்றிக்கொண்டன. தண்ணீர் குடிக்கும்போது எல்லாரும் தலையாட்டினார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு நடந்ததும் மறந்துபோனார்கள். மீனைத் துரத்தும்போதுகூட ஆரலியின் கண் கரையில் விழுந்த புதிய குழிகள்மீதே இருந்தது. பல நாள் வெறுங்கையோடு வீடு திரும்பியது.

"நேற்றும் நான்தான் மீன் பிடித்தேன். முந்தாநாளும் நான்தான்," என்றது மடுவன். "பிள்ளைகள் நீந்தப் பழகும் வயது. அம்மா எங்கே என்று கேட்கிறார்கள்."

"கரை போய்விட்டால் எங்கே நீந்துவார்கள்?"

"அது எனக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த ஒன்றுக்காக நீ ஒருத்தி மட்டும் ஏன் அலைகிறாய்?"

ஆரலி ஈரம் காயாத உடம்போடு சுருண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் மாலை அது ஒரு முடிவோடு கிளம்பியது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வரும் நேரம் பார்த்துக் கரையின் குறுக்கே படுத்துச் சீழ்க்கை அடித்தது. நீர்நாயின் சீழ்க்கை கூர்மையானது. மலையில் பட்டுத் திரும்பி வந்து காடெங்கும் கேட்டது.

"எழுந்திரு," என்றது காட்டுப்பன்றி.

"என்னை மிதித்துவிட்டுப் போங்கள்."

பல விலங்குகள் எட்டிப் பார்த்தன. அத்தனை கண்களுக்கு முன்னால் மிதிக்கக் காட்டுப்பன்றி தயங்கியது. பிறகு கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த மாலை முயல்கள் வந்து ஆரலியின் பக்கத்தில் உட்கார்ந்தன. அதற்கடுத்த மாலை முள்ளம்பன்றி வந்தது. ஐந்தாம் நாள், நடுங்கிக்கொண்டே, மானும் தன் குட்டியோடு வந்து நின்றது. பத்து நாட்கள் கரையில் ஒரு குழிகூட விழவில்லை. குழிகள் இருந்த இடத்தில் கோரை மறுபடி முளைவிட்டது.

பதினோராம் நாள் நரியே அங்கே வந்தது. கூட வந்த காவல் நாய்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, நடந்து வந்து ஆரலிக்கு அருகில் மண்ணில் உட்கார்ந்தது.

"நான் முன்பே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தவறு என்னுடையது," என்றது நரி. "ஆரலியம்மா, இந்தக் கரையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆகையால் இன்று முதல் நீங்கள்தான் கரைக் காவலர். இங்கே ஒரு பிடி மண்ணை அள்ளுவதானாலும் உங்கள் அனுமதி வேண்டும். சபையில் என் பக்கத்துக் கல் உங்களுடையது."

கூட்டம் மகிழ்ந்து ஆரவாரம் செய்தது. இத்தனை நாள் தன்னைக் கண்டு வழி மாறிப் போனவர்கள் இப்போது தன்னையே பார்க்கிறார்கள் என்பதை ஆரலி கண்டது.

"ஒரே ஒரு வேண்டுகோள்," என்றது நரி. "காவலரே கரையில் படுத்து மறியல் செய்தால் சபையை யார் மதிப்பார்கள்? இனி எதுவானாலும் சபையில் பேசிக்கொள்வோமே."

"நியாயம்தான்," என்றது ஆரலி.

எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். "இனிமேல் அவள் பார்த்துக்கொள்வாள்," என்று முயல்கள் பேசிக்கொண்டு போனது ஆரலியின் காதில் விழுந்தது. அது பெருமையாகவே இருந்தது.

மடுவன் மட்டும் மகிழவில்லை. "பதவியைக் கொடுத்தது யார் என்று பார்த்தாயா?" என்றது.

"இத்தனை நாள் வெளியே நின்று கத்தினேன். உள்ளே போனால்தானே தடுக்க முடியும்?"

"பார்க்கலாம்," என்றது மடுவன்.

முதல் சபை கூடியது. காட்டுப்பன்றி பணிவாக வந்து நின்றது. "என் வீட்டில் குட்டி போட்டிருக்கிறாள். அவளுக்கு மட்டும், கரை ஓரமாக, ஒரு முழ நீளம் தோண்டிக்கொள்ள அனுமதி வேண்டும்," என்றது.

"முடியாது," என்று சொல்ல ஆரலி வாயெடுத்தது. நரி அதன் காதருகே குனிந்தது. "முதல் நாளே மறுத்தால் பிடிவாதக்காரி என்பார்கள். சிறியதில் விட்டுக்கொடுங்கள். பெரியதில் உறுதியாக நிற்கலாம். நான் இருக்கிறேன்."

பிள்ளை பெற்றவளுக்கு ஒரு முழம்தானே என்று ஆரலி நினைத்தது. முன்னால் வைத்த ஈரக் களிமண்ணில் தன் பாதத்தைப் பதித்தது. அதுதான் அனுமதி.

அடுத்த சபையில் இரண்டு முழம் கேட்டார்கள். அதற்கடுத்த சபையில் பத்து இடங்கள் கேட்டார்கள். ஆரலி காலை முதல் உச்சிவேளை வரை வாதாடியது. கடைசியில் ஆறு இடங்களுக்குப் பாதம் பதித்தது.

ஆடி மாதத் தேர்தலில் இருபத்து மூன்று காட்டுப்பன்றிகளும் நரிக்காக மூஞ்சியை உயர்த்தின. கரைக் காவலர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் மற்றவர்களும் நரிக்கே கை தூக்கினார்கள்.

தேர்தல் முடிந்த சில நாளில் மான் ஆரலியின் வளைக்கு வந்தது. "கரையில் மறுபடி தோண்டுகிறார்களே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியும். பத்து கேட்டார்கள், நான் ஆறுதான் கொடுத்தேன்," என்றது ஆரலி. "சபையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும்."

மான் வேறொன்றும் கேட்காமல் திரும்பிப் போயிற்று. தான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை நரி சொல்வதைப் போலவே இருந்தது என்று ஆரலிக்குத் தோன்றியது. ஆனால் மறுநாள் சபை இருந்தது. அந்த நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது.

புரட்டாசி முடியும் சமயம், மலைக்கு மேல் கறுத்த மேகம் திரண்டது. ஆரலி வெகு நாட்களுக்குப் பிறகு கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தது. பிறகு வந்த சபைகளில் கொடுத்ததையும் சேர்த்து அது அனுமதித்தது பதினொரு இடங்கள். தோண்டியிருந்ததோ கரை முழுவதும். கோரை என்று சொல்ல அங்கங்கே நாலு தாள்கள் நின்றன. கால் வைத்த இடமெல்லாம் மண் பொலபொலவென்று உள்ளே போயிற்று.

அது நரியின் குகைக்கு ஓடியது. "தலைவரே, எல்லா அனுமதியையும் இன்றே ரத்து செய்யுங்கள். மழைக்கு முன்னால் குழிகளை அடைக்க வேண்டும். எல்லாரையும் அனுப்புங்கள்."

"அவசியம் செய்யலாம்," என்றது நரி. "சபையில் வையுங்கள், பேசுவோம்."

"சபை எப்போது?"

"கார்த்திகையில்."

ஆரலி கரைக்குத் திரும்பிப் படுத்தது. மூச்சு முட்டச் சீழ்க்கை அடித்தது. முன்போலவே அது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சில விலங்குகள் புதர்களிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒன்றும் வரவில்லை. மான் மட்டும் கரையின் கீழே வந்து நின்றது.

"வந்து உட்கார்," என்றது ஆரலி. "எல்லாரையும் கூப்பிடு. இன்னும் நேரம் இருக்கிறது."

"யாரை எதிர்த்து உட்காருவது?" என்று மான் கேட்டது. அதன் குரலில் கோபம் இல்லை. "முன்பு பன்றி திருட்டுத்தனமாகத் தோண்டியது. அதனால் தடுத்தோம். இப்போது அது உன் பாதம் பதித்த களிமண்ணைக் காட்டுகிறது. உன்னை எதிர்த்து உன் பக்கத்திலேயே எப்படி உட்காருவோம்?"

ஆரலி தனியாகக் கல்லைப் புரட்டிக் குழிகளில் போட்டது. சிறிது நேரத்தில் மடுவனும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு நீர்நாய்கள் புரட்டக்கூடிய கல் எவ்வளவு இருக்கும்? மாலைக்குள் இரண்டே குழிகள் அடைபட்டன. அப்போது முதல் துளி விழுந்தது.

மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. நான்காம் நாள் நண்பகலில் கரையின் நடுவே ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கசிந்தது. ஆரலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிவு ஓடையாயிற்று. பிறகு பெரிய சத்தத்தோடு கரையே பிளந்தது. ஏரி முழுவதும் அந்த வழியாகப் புல்வெளிக்குள் பாய்ந்தது. மான் எப்படியோ மேட்டில் ஏறிவிட்டது. அதன் குட்டியால் முடியவில்லை.

மழை விட்டதும் நரி சபையைக் கூட்டியது. கார்த்திகைவரை அது காத்திருக்கவில்லை.

ஏரி இருந்த இடத்தில் சேறும், சேற்றில் வாய் திறந்து கிடந்த மீன்களும்தான் இருந்தன. நரி கண்களைத் துடைத்துக்கொண்டது. "என் வாழ்நாளில் இப்படியொரு துயரத்தைக் கண்டதில்லை," என்றது. "ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். கரை யார் பொறுப்பில் இருந்தது?"

காய்ந்த களிமண் துண்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரே பாதம்.

"இவை யாருடையவை, அம்மா?" என்று நரி கேட்டது.

"என்னுடையவைதான்," என்றது ஆரலி. "ஆனால் தலைவரே, ஒவ்வொரு தடவையும் நீங்கள் என் காதில்..."

"காதில் சொன்னதை யார் கேட்டார்கள்?" என்றது நரி மிகவும் மென்மையாக.

யாரும் கேட்டிருக்கவில்லை. ஆரலி மானைத் தேடியது. கூட்டத்தின் ஓரத்தில் அது நின்றிருந்தது. அது திட்டியிருந்தால்கூட ஆரலி தாங்கியிருக்கும். மான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆரலி கல்லிலிருந்து இறங்கியது. யாரும் தடுக்கவில்லை. மடுவன் குட்டிகளோடு பாறையடியில் காத்திருந்தது. மூன்று மலைக்கு அப்பால் ஓர் ஆறு இருப்பதாகக் கேள்வி. நீரில் பிறந்த அவை நான்கும், பிளந்த கரையின் வழியே இறங்கி, கல்லிலும் முள்ளிலும் நடக்கத் தொடங்கின.

சிறிது தூரம் போனதும் பின்னால் ஆரவாரம் கேட்டது.

"என்ன சத்தம், அம்மா?" என்றது ஒரு குட்டி.

ஆரலி நின்று கேட்டது. கரையைப் பற்றி நன்றாக அறிந்தவர் என்பதால் காட்டுப்பன்றியைப் புதிய கரைக் காவலராக நியமிப்பதாக நரி அறிவித்துக்கொண்டிருந்தது.

"ஒன்றுமில்லை. நட," என்றது ஆரலி.

நீதி: தவறைத் தட்டிக் கேட்கப் புறப்பட்டவர், தவறுக்குத் துணை நிற்பவர் தரும் பதவியில் அமர்ந்தால், கேட்கும் உரிமையை இழந்து பழியை மட்டும் சுமப்பார்.