நிச்சயதார்த்தத்துக்கு வந்த பல்

குருவைத் தேடிப் போகிறவர்கள் மலை ஏறுவது வழக்கம். நாச்சிமுத்து, கோவை கணபதியில் ஒரு பேக்கரியின் மாடிப்படி ஏறினார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய குரு மைதிலிக்கு முப்பது. தாடி கிடையாது, மான்தோல் கிடையாது. கைப்பிடி உடைந்த சுழல் நாற்காலி ஒன்று உண்டு. இருவருக்கும் தொழில் ஒன்றுதான். எந்தக் கம்பெனியிலும் சேராமல், கேட்பவர்களுக்குத் தனியாக ஆப் செய்து கொடுப்பது. ஆனால் மைதிலி அதில் நன்றாக இருந்தார். நாச்சிமுத்து இளைத்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடம் ஒரு பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் அவர். போதும் என்று வெளியே வந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது அதே கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் அதே மேஜை, அதே அடையாள அட்டை, "நாச்சி, இதைக் கொஞ்சம் பாருய்யா" என்கிற அதே மேனேஜர். நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. போகாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தத் தொழிலில் கையில் நாலு காசு நிற்க வேண்டும். நிற்கவில்லை.

குருதட்சிணையாகக் கீழே வாங்கி வந்த முட்டை பஃப்ஸை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, நீங்க பத்து நாள்ல முடிக்கிறதை நான் ரெண்டு மாசமா உருட்டிட்டு இருக்கேன். என்ன தப்புப் பண்றேன்னே தெரியலீங்க."

"போன ஆப்புல முதல்ல என்ன எழுதுனீங்கண்ணா?"

"லாகின் பக்கமுங்க."

"அதுக்கு முந்தின ஆப்புல?"

"அதுலயும் லாகின்தானுங்க."

"இப்பப் பண்ணிட்டிருக்கற கல்யாண மண்டபத்து ஆப்புக்கு?"

நாச்சிமுத்து பஃப்ஸை மென்றார். "எல்லாம் முதல்ல இருந்து நாமளே எழுதுனாத்தானுங்க நம்ம வேலைன்னு ஒரு திருப்தி."

"பஸ் ஏறணும்னா ரோடும் நீங்களே போடுவீங்களாண்ணா?"

மைதிலி ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதில் அவருடைய டெம்ப்ளேட் இருந்தது. எந்த ஆப் செய்தாலும் தேவைப்படுகிற பாகங்களை ஒரே தடவை எழுதிக் கோத்து வைத்திருந்தார்: லாகின், பணம் கட்டும் பக்கம், வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்பும் வசதி. அதன்மேல் புது ஆளுக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒரே ஒரு கண்டிஷன். ஓட விடறதுக்கு முன்னால முழுசா ஒரு தடவை படிச்சிருங்க."

"படிச்சர்றனுங்க."

நிபந்தனைகளைப் படித்துவிட்டேன் என்று நாமெல்லாம் டிக் போடுவோமே, அந்த வேகத்தில் சொன்னார்.

"மிச்சமாகற நாள்ல என்ன பண்ணுவீங்கண்ணா?"

"இன்னொரு ஆப் எடுப்பேன்."

மைதிலி பஃப்ஸ் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

அந்த வாரம் நாச்சிமுத்துவைப் பிடிக்க ஆளில்லை. பல் தேய்க்கும்போதுகூடப் பாடினார். பொள்ளாச்சி ரோட்டு மண்டபத்துக்கான ஆப் ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. பெயரை மாற்றினார், நிறத்தை மாற்றினார், அலங்கார வளைவின் போட்டோவை ஒட்டினார். மண்டபக்காரர் ராசப்பனுக்கு அனுப்பிவிட்டு, பம்ப் கம்பெனிக்கு என்ன வார்த்தைகளில் முடியாது என்று சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மதியம் நிம்மதியாகத் தூங்கினார்.

ராசப்பனின் போன்தான் எழுப்பியது.

"ஏனுங்க நாச்சிமுத்து, நீங்க ஆப் பண்றவருங்களா, பல் டாக்டருங்களா?"

விஷயம் இதுதான். ஆப்பில் முதல் புக்கிங் ராசியாக இருக்கட்டும் என்று, ராசப்பன் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கே தேதி போட்டிருந்தார். சம்பந்தி வீட்டு நம்பரையும் கொடுத்திருந்தார். உடனே அவர்களுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது:

'உங்கள் பல் பிடுங்கும் நேரம் உறுதி செய்யப்பட்டது. அன்று காலை எதுவும் சாப்பிடாமல் வரவும்.'

"சம்பந்தியம்மா போன் மேல போன் போடறாங்க. பொண்ணுக்குப் பல்லுல ஏதோ கோளாறு, மறைக்கறீங்கன்னு! என்ற பொண்ணு வீடியோ கால்ல வாயைத் தொறந்து காட்டிட்டு இருக்கறா. உங்க ஆப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

நாச்சிமுத்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பேக்கரி மாடிக்கு ஓடினார். இந்த வேலையும் போனால் மறுபடி அந்த அடையாள அட்டைதான்.

"அம்மிணி, உங்க டெம்ப்ளேட்டுல ஒரு பல்லு கெடக்குதுங்க! ஏதோ பல் ஆஸ்பத்திரிக்குப் பண்ணதை அழிக்க மறந்துட்டீங்க!"

எதிர்பாராத இடத்தில் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி மைதிலியின் முகம் மலர்ந்தது.

"மறக்கலீங்ண்ணா. நான்தான் வெச்சிருக்கேன்."

"வெச்சீங்களா! எதுக்குங்க?"

"நீங்க அந்த மண்டபத்துக்குப் போயிருக்கீங்களா?"

"போட்டோ அனுப்பிச்சாருங்க."

"போய்ட்டு வாங்க. அப்புறம் கேளுங்க. லேப்டாப்பை இங்கயே வெச்சிட்டுப் போங்க."

"கையை வீசிட்டுப் போய் அங்க என்ன பண்றதுங்க?"

"திட்டு வாங்குங்க. வாங்கிட்டு ஒரு ஓரமா ஒக்காந்திருங்க."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இருந்தாலும் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனார்.

திட்டு வயிறு நிறையக் கிடைத்தது. நல்லவேளை, பெண் வரிசைப் பல்லையெல்லாம் காட்டிச் சிரித்ததில் சம்பந்தியம்மா அடங்கியிருந்தார். ராசப்பனுக்கும் திட்டி முடிக்க நேரமில்லை. அன்று காலை ஒரு கல்யாணம் முடிந்திருந்தது, மறுநாள் இன்னொன்று. நாச்சிமுத்து பந்திக் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

முன்வாசலில் பூ அலங்காரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் அண்டா குண்டாக்களோடு அடுத்த கல்யாணத்துச் சமையல்காரர்களின் வேன் வந்து நின்றது. உள்ளே பழைய கல்யாணத்துக்காரர்கள் இன்னும் அடுப்படியைக் காலி செய்யவில்லை. "பால் திரிஞ்சு போகுமுங்க, வழியை விடுங்க!" என்று ஒரு குரல். "மிச்ச சாம்பாரை எங்க தலைலயா ஊத்தறது?" என்று இன்னொரு குரல். நடுவில் ராசப்பன், இரண்டு காதிலும் இரண்டு போன். வந்த போனில் எல்லாம் ஒரே கேள்விதான்: சமையல் ஆள் எப்போது உள்ளே வரலாம்?

நாச்சிமுத்து தன் ஆப்பை நினைத்துப் பார்த்தார். அதில் அலங்கார வளைவு இருந்தது. அடுப்படி இல்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குறுகுறுவென்று சந்தோஷமாகவும் இருந்தது.

எழுந்து போய் ராசப்பனிடம் ஒரு காதைக் கேட்டு வாங்கினார். "ஒரே ஒரு வாரம் குடுங்க. இந்த போன் அத்தனையும் நிக்கும்."

"மறுபடி யாருக்காவது பல்லு போச்சுன்னா?"

"என்ற பல்லைப் பிடுங்கிக்குங்க."

ராசப்பன் சிரித்துவிட்டார்.

லாகின் இருந்தது, பணம் கட்டும் பக்கம் இருந்தது. அதனால் அந்த வாரம் முழுவதும் நாச்சிமுத்து அடுப்படிக்கே செலவிட்டார். பழைய கல்யாணத்துக்காரர்கள் அடுப்படியைக் காலி செய்து ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த சமையல்காரருக்கு மெசேஜ் போகும். அதுவரை வேன் அண்டாவை ஏற்றாது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ராசப்பனாக, சம்பந்தியம்மாவாக, பாலோடு நிற்கும் சமையல்காரராக இருந்து படித்துப் பார்த்தார்.

அடுத்த முகூர்த்தத்தன்று ராசப்பன் போனைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்த பக்கத்து மண்டபக்காரர், இது யார் செய்த ஆப் என்று கேட்டார்.

மாதக் கடைசியில் நாச்சிமுத்து பேக்கரி மாடி ஏறினார். இந்தத் தடவை பஃப்ஸோடு தேங்காய் பன்னும் இருந்தது.

"பம்ப் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டனுங்க, அம்மிணி."

"எப்படிச் சொன்னீங்க?"

"பயந்து பயந்துதான். ஆனா சொல்லிட்டேன்." அவர் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு சிரித்தார். "அடுத்து ஒரு மண்டபம், அப்புறம் ஒரு டிரைவிங் ஸ்கூல். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பல்லை எதுக்குங்க வெச்சீங்க?"

"நானும் ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிட்டுத்தான் இருக்கேன்ண்ணா."

"தேடுனா?"

"தேடறப்ப மத்ததும் கண்ணுல படுது."

நாச்சிமுத்து பன்னைப் பிய்த்தபடி யோசித்தார். பிறகு, குருவை மடக்கிவிட்ட குஷியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அம்மிணி, பல்லு எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சு போச்சே. டிரைவிங் ஸ்கூலுக்குப் பண்றப்ப நேரா அங்க போய் அழிச்சிருவேன். மத்த பக்கத்தையெல்லாம் எதுக்குங்க பார்க்கறது?"

மைதிலி கையை நீட்டிப் பென் டிரைவைக் கேட்டு வாங்கினார். கம்ப்யூட்டரில் செருகி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ தட்டினார். பிறகு அதை உருவி அவர் கையிலேயே வைத்தார்.

"இப்ப அங்க இல்லீங்ண்ணா."