இடுப்புக் குளியல், இருபது நிமிடம்

“அப்படி என்னம்மா பிடிவாதம் உங்களுக்கு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

மரியபுஷ்பம் குளியல் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் இயற்கை வைத்தியர் சங்கத்தின் செயலாளர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, இரண்டு ஆஸ்பத்திரிகள் கைவிட்ட வயிற்றோடு இந்தத் தொட்டிக்கு வந்தவர். எழுந்து நடந்ததும் மரியபுஷ்பத்திடமே தொழில் கற்றார். மரியபுஷ்பம் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர் அம்மாதான்.

“நம்ம வைத்தியத்துக்குச் சட்டம் சும்மா வரலை. நம்மளைப் போலி வைத்தியர்னாங்க. பேப்பர்ல படம் போட்டாங்க. கோட்டை முன்னால பதினாறு நாள் பட்டினி கிடந்தோம்.”

“ஏழாம் நாள் அங்கே காவலுக்கு நின்ன இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்?”

ஆவுடையப்பன் முகம் கடுத்தது.

“பட்டினி போடறதுதானே இவங்க வைத்தியம், கிடக்கட்டும், உடம்புக்கு நல்லதுன்னார்.”

“அவர் ஒருத்தருக்காவது நம்ம வைத்தியத்துல நம்பிக்கை இருந்திருக்கு.”

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் பதவி உயர்வில் போய்விட்டார். பட்டினி கிடந்தவர்களில் இருவர் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தச் சட்டப்படி அமைந்த புதிய வாரியத்தின் நோட்டீஸ். மரியபுஷ்பத்திடம் சான்றிதழ் இல்லை. எனவே திங்கட்கிழமை முதல் இந்தக் குளியல் இல்லம் மூடப்படும். கீழே வாரிய உறுப்பினரின் கையெழுத்து. ஆவுடையப்பன்.

மரியபுஷ்பம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“போலி வைத்தியர்னு இருக்கே.”

“அது படிவத்துல அச்சடிச்ச வார்த்தை.”

“படிவம் எழுதினது யார்?”

ஆவுடையப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

“பரீட்சை எழுதுங்கம்மா. கேள்வித்தாளும் நான் தயாரிச்சதுதான். தேறிடுவீங்க.”

“ஒரு கேள்வி சொல்லுங்க.”

“குளிர்ந்த நீரில் இடுப்புக் குளியல் எத்தனை நிமிடம்?”

“யாருக்கு?”

“கேள்வியில அது இல்லை.”

“விடை?”

“இருபது.”

அப்போது கிருபாகரன் குளியலுக்கு வந்தான். லாரி டிரைவர். மூன்று மாத வயிற்றுக் கோளாறில் இளைத்திருந்தான். வழக்கப்படி இடுப்பு மட்டும் நீரில் அமிழ, காலைத் தொட்டிக்கு வெளியே முக்காலியில் வைத்து உட்கார்ந்தான்.

மரியபுஷ்பம் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார்.

“இவரை நீங்க பாருங்க, செயலாளரே. உங்க விடைப்படி.”

எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்து துண்டுகளை மடிக்கத் தொடங்கினார்.

“பரீட்சை இல்லாம விட்டா கண்டவனும் போர்டு மாட்டுவான்” என்றார் ஆவுடையப்பன். “அதுக்கா அடிபட்டோம்?”

“போர்டு மாட்டறவன் பரீட்சையும் எழுதுவான்.”

“எல்லாரும் உங்களை மாதிரியா?”

“அப்ப என்னை ஏன் மூடறீங்க?”

“ஐயா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஐஸ் ஆயிருவேன்” என்றான் கிருபாகரன்.

ஆவுடையப்பன் அவன் பாதத்தில் கை வைத்தார். சூடு இருந்தது.

ஆறாம் நிமிடம் மறுபடி வைத்தார். சூடு குறைந்திருந்தது.

எட்டாம் நிமிடம் பாதம் சில்லிட்டது. நகக்கண் நீலம் பாரித்தது.

“அம்மா, கால் குளிர்ந்து போச்சு.”

“இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு.”

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கிருபாகரனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கம்பளியில் சுற்றினார். தரையில் உட்கார்ந்து, அவன் பாதங்களை மடியில் வைத்துச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு அவர் பாதங்களை ஒருவர் அப்படித்தான் தேய்த்திருந்தார்.

மரியபுஷ்பம் கடைசித் துண்டையும் மடித்து வைத்தார்.

“எட்டு நிமிஷம். விடை இருபது. நீங்க தேறலை. பையில இன்னொரு நோட்டீஸ் இருக்கா?”

“யாருக்கு?”

கேட்ட பிறகுதான் அது மரியபுஷ்பம் முன்பு கேட்ட அதே கேள்வி என்று அவருக்கு உறைத்தது.

கிருபாகரனின் பாதங்களைக் கம்பளிக்குள் வைத்து மூடினார். பிறகு எழுந்தார். மேசைமேல் இருந்த நோட்டீஸை எடுத்தார். பேனாவைத் திறந்து, தன் கையெழுத்தை அடிக்கப் போனார்.

“அது கிடக்கட்டும்” என்றார் மரியபுஷ்பம். “முதல்ல அந்தப் ‘போலி’ங்கற வார்த்தையை அடிங்க.”