எழுபது டிகிரி வரை மௌனம்

"குருவே, என் கம்ப்யூட்டர் கத்துது. அது வாயை மூட ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்தொன்று.

குருவுக்கு இருபத்தொன்பது. பெயர் ஆபிதா. வேலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைக் குரு என்று கூப்பிடாதீர்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். சீடர் கேட்பதாக இல்லை.

"எப்ப சார் கத்துது?"

"நான் வாசிக்க உட்கார்ந்தா மட்டும்."

"வாசிக்கலன்னா?"

"முனிவர் மாதிரி இருக்குது."

தணிகாசலம் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். நாற்பது பக்கக் கிரயப் பத்திரத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டிய குரல் அது. இப்போது அந்தக் குரலில் சட்டப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, மகிமா என்ற மாணவிக்கு அனுப்புகிறார். மகிமாவுக்குப் பார்வை கிடையாது. இன்னும் எட்டு நாளில் பரீட்சை.

காலையில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. சீடர் அதைப் போட்டுக் காட்டினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரலுக்குப் பின்னால கிரைண்டர் ஓடுற மாதிரியே இருக்கு. நடுநடுவுல வார்த்தையே கேக்கல. மிச்ச ரெண்டு பாடத்துக்கு மெஷின் குரல் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன். சாயந்தரம் வரைக்கும் பார்க்கிறேன் சார்."

சீடருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இரண்டு வருடமாக வாசிக்கிறார். அந்தப் பெண் வக்கீலாகும் நாளை அவளைவிட அதிகமாக எதிர்பார்ப்பவர் அவர்தான்.

"மெஷினுக்கு 'மேற்படி சொத்து'ன்னு அழுத்திச் சொல்லத் தெரியுமா குருவே?"

குரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் போட்டார்.

"உங்க வீட்டுக்குப் போலாம் சார்."

வேலூர். மே மாதம். மத்தியானம்.

சீடர் தமது அறையைத் திறந்து காட்டினார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேலே சீலிங் ஃபேன் நிறுத்தியிருந்தது. மேசைக்குக் கீழே சிபியு பெட்டி இரண்டு கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு, குளிர்க்காய்ச்சல் வந்தவர் போல உட்கார்ந்திருந்தது.

"இது என்ன சார்?"

"சத்தம் வெளிய வராம இருக்கத்தான்." சீடர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "முதல்ல ஒரு கம்பளி போட்டேன். கத்தல் ஜாஸ்தியாச்சு. இன்னொண்ணு போட்டேன்."

"அப்புறம்?"

"இன்னும் ஜாஸ்தியாச்சு. மூணாவது வாங்கணும்."

குரு குனிந்தார். இரண்டு கம்பளிகளையும் உருவினார். சீடரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டையும் அவர் மேல் போர்த்தினார். தலையோடு சேர்த்து.

"வாசிங்க சார்."

"இப்படியேவா?"

"இப்படியே."

முதல் பத்தி கணீரென்று வந்தது. இரண்டாவது பத்தியில் எழுத்தின் மேல் வியர்வை சொட்டியது. மூன்றாவதில் சீடர் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்.

"சார், நீங்க மூச்சு வாங்குற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. கொஞ்சம் சத்தமில்லாம விடுங்க."

"எப்படிம்மா விடறது? உள்ள வேகுது!"

சொன்னவர் கம்பளியைத் தலையிலிருந்து விலக்கினார். மேசைக்குக் கீழே எட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

பிறகு கம்பளிகளை உதறி மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாரும் சொல்லவில்லை. ஒரு ஜன்னலையும் திறந்துவிட்டார். அது அவருக்காக.

குரு பெட்டியைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டினார். வந்த தூசியில் ஒரு தலையணை தைத்திருக்கலாம். மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் ஃபேனின் வேகத்தை மாற்றும் பக்கத்தைத் திறந்தார். எவ்வளவு சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லும் ஒரு கோடு திரையில் தெரிந்தது. வெகுதூரம் தரையில் படுத்துக் கிடந்துவிட்டு, ஓர் இடத்தில் திடீரென்று சுவர் மாதிரி எழுந்து நின்றது.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான். நானே கத்துக்கிட்டுப் போட்டேன்."

"எழுபது டிகிரி வரைக்கும்?"

"ஃபேன் சுத்தாது. மௌனம்."

"எழுபதுல?"

"முழு வேகம். சூடு இறங்கினதும் மறுபடியும் மௌனம்."

"அந்த மௌனம் எவ்வளவு நேரம் சார் நிக்கும்?"

"ஆறு நிமிஷம். அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அடிச்சுப் பிடிச்சு வாசிச்சுடுவேன்."

குரு கோட்டைப் பிடித்து இழுத்தார். சுவர் சாய்ந்து சரிவானது. சரிவு நாற்பதிலேயே தொடங்கியது. பெட்டிக்குள் ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

சீடர் பதறிவிட்டார்.

"குருவே, சும்மா இருக்கும்போதே சுத்துதே!"

"சுத்தட்டும்."

"நிக்காதா?"

"நிக்காது."

"நான் மௌனம்தானேம்மா கேட்டேன்!"

"வாசிங்க சார்."

சீடர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தார். அரை மணி நேரம் வாசித்தார். குரு ஒரு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாடம் முடிந்தது. சீடர் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"கடைசியில ஃபேனை நிறுத்திட்டீங்களே! எப்ப நிறுத்துனீங்க?"

"பெட்டிக்குப் பின்னால கையை வைங்க சார்."

வைத்தார். உள்ளங்கையில் காற்று பட்டுக்கொண்டிருந்தது.

சீடர் கையை எடுக்கவே இல்லை. சிரிக்க ஆரம்பித்தார். குருவும் சிரித்தார்.

பதிவு மகிமாவுக்குப் போனது. இரண்டு பேரும் ஒரு சொம்பு மோரைக் காலி செய்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"சார்! கிரைண்டர் போயே போச்சு. ஒரு வார்த்தை விடாம கேக்குது. மெஷின் குரலை இப்பவே அழிச்சுட்டேன். மிச்சப் பாடமும் நீங்கதான் சார்."

சீடருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். செய்தி இன்னும் முடியவில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கணும் சார். இத்தனை நாள் அந்தச் சத்தத்துல எனக்குத் தெரியல. ஏன் சார் இவ்வளவு வேகமா வாசிக்கிறீங்க? பின்னால யாராச்சும் துரத்துறாங்களா?"

சீடர் குருவைப் பார்த்தார்.

குரு பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது எங்க கடை வேலை இல்ல சார்."