மொண்ணையூர்ப் பாலம் முன்னேறிய விதம்

மொண்ணையூரில் இங்கிலீஷ் அகராதி வைத்திருந்தவர் சடையாண்டி ஒருவர்தான். கரையான் தின்றதுபோக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பொருள்தான் அதில் மிச்சம். இனிக் குழப்பமே வராது என்று ஊர் நிம்மதியாக இருந்தது. சடையாண்டிக்கு மட்டும் அவ்வப்போது தன்மேல் சந்தேகம் வரும்.

ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் கட்ட அனுமதி வந்திருந்தது. சடையாண்டியின் மகள் செவந்தி வாழ்க்கைப்பட்டது அக்கரையில். ஐப்பசியில் அவளுக்குத் தலைப்பிரசவம். அதற்குள் பாலம் முடிந்தால்தான் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர முடியும்.

பாலவேலைக்குப் பொறுப்பான இன்ஜினியரின் முதல் கடிதம் டவுனிலிருந்து வந்தது. 'மேக் ஸ்டெடி ப்ராக்ரஸ்.'

சடையாண்டி விரல் வைத்துத் தேடினார். "மேக்னா செய். ஸ்டெடின்னா ஆடாத. ப்ராக்ரஸ்னா முன்னேற்றம்."

"முன்னேற்றம்னா முன்னால இருக்கிற ஏற்றம்" என்றார் ஊர்த்தலைவர் உடையப்பன். "தண்ணி இறைக்கிற ஏற்றம். ஆடாம இருக்கணுங்கிறார்."

"ஏற்றம் ஆடினாத்தானேய்யா தண்ணி வரும்?" என்றாள் பேச்சியக்கா.

"தண்ணி வேணும்னு அவர் எங்கே எழுதியிருக்கார்?"

பாலத்துக்கு இறக்கியிருந்த பனைமரங்களில் ஓர் ஏற்றம் செய்து, பாலம் வரவேண்டிய இடத்துக்கு முன்னால் நட்டு, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினார்கள். 'முன்னேற்றம் தயார். புயலடித்தாலும் அசையாது' என்று பதில் போனது.

அடுத்த கடிதம் கொஞ்சம் சூடாக இருந்தது. 'டேக் ஸ்டெப்ஸ் இமீடியட்லி.'

"படிகளை உடனே எடு" என்றார் சடையாண்டி.

"எந்தப் படி? படித்துறைப் படியா, நெல் அளக்கிற படியா?" என்றார் உடையப்பன்.

சடையாண்டி அகராதியைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'படி' என்று மட்டும் இருந்தது. ஐப்பசி நெருங்குகிறது, தப்பாகச் சொல்லிவிட்டால் மகள் அக்கரையிலேயே கிடப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"எதுக்கும் ரெண்டையும் எடுத்திருவோம்" என்றார்.

படித்துறையில் இருபது கற்படிகளைப் பெயர்த்தார்கள். வீடுவீடாகப் போய் ஆறு மரப்படிகளை வாங்கி அவற்றோடு அடுக்கினார்கள். மறுநாள் குளிக்கப் போனவர்கள் எல்லாரும் படியில்லாத கரையில் சறுக்கி விழுந்து துணியோடேயே குளித்து வந்தார்கள். பேச்சியக்கா இரண்டு முறை குளித்தாள். ஏறி வரும்போது ஒரு தடவை சறுக்கிவிட்டது.

'ஒரே நாளில் இருபத்தாறு ஸ்டெப்ஸ் எடுத்துவிட்டோம்' என்று சடையாண்டி எழுதினார். இன்ஜினியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே பாராட்டிக் கடிதம் போட்டார்.

சடையாண்டி படித்தார். "நீங்கள் நெடுந்தூரம் வந்துவிட்டீர்கள். இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்."

"நாம எங்கேயும் வரலையே" என்றாள் பேச்சியக்கா.

"வராததையும் வந்ததா எழுதுறது பெரிய மனுஷன் மரியாதை" என்றார் உடையப்பன். "போறதையாவது நாம ஒழுங்காப் போவோம்."

ஊரே கட்டுச்சோற்றோடு கிளம்பியது. ஆற்றோரமாகவே எட்டு மைல் நடந்தார்கள். அங்கே ஒரு பழைய கல்பாலம் இருந்தது. கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாததால் யாரும் அதைக் கண்டுகொள்ளாமல் அதன்மேலேயே நடந்து அக்கரைக்குத் தாண்டினார்கள். அப்புறம் அந்தக் கரையோரமாகத் திரும்பி எட்டு மைல் நடந்து, சாயங்காலம் செவந்தியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"எப்படிப்பா வந்தீங்க?" என்றாள் செவந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"நடந்துதாம்மா. கல்பாலம் வழியா" என்றார் சடையாண்டி.

"அப்ப வண்டி கட்டுங்க. அந்த வழியாவே நம்ம வீட்டுக்குப் போயிரலாம்."

"எப்படிம்மா முடியும்? போகச் சொல்லித்தான் கடிதம் இருக்கு. திரும்பி வரச் சொல்லி இன்னும் வரலை."

அன்று ராத்திரி பிள்ளை அங்கேயே பிறந்தது. ஆண் குழந்தை, நல்ல எடை. ஊரே சுற்றி நின்று பார்த்தது.

மறுநாள் காலையில் உடையப்பன் கரையில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து எதிர்க்கரையைக் கவனித்தார். பாலவேலை நடக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆள்கூட இல்லை. தெருவிலும் இல்லை. ஒரு வீட்டிலும் புகை இல்லை.

"சடையாண்டி, இன்ஜினியருக்கு ஒரு கடிதம் எழுதும்" என்றார் வருத்தமாக. "நாங்க இங்கே தயாரா நிக்கிறோம். அக்கரையில மொண்ணையூர்னு ஒரு ஊர் இருக்கு. அந்தச் சோம்பேறிப் பயலுக ஒருத்தனும் வேலைக்கு வரலைன்னு எழுதும்."