திருடனுக்கு என்ன அத்தாட்சி?

கரூர்ப் பக்கம் மைக்செட் வைத்துப் பிழைத்த மூன்று பேர் இருந்தார்கள். வீரமலை, நல்லுசாமி, பிச்சாண்டி. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. கல்யாணங்களுக்கு டிஜே வந்ததிலிருந்து இவர்களுடைய குழாய் ஸ்பீக்கரைச் சீந்த ஆளில்லை. வீரமலைக்குப் பெண் தருவதாக இருந்தவரும், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை நிரந்தரமானால் பார்க்கலாம் என்று பின்வாங்கிவிட்டார். அதனால் வீரமலை சைபர் செக்யூரிட்டிக்கு மாறினான். மற்ற இருவரும் ஏன் மாறினார்கள் என்றால், ஒருவன் குளிக்கப் போனாலும் மூவரும் சேர்ந்து போவதுதான் அவர்கள் வழக்கம்.

பேக்கரி மாடியில் ஒரு பயிற்சி நிலையம். அங்கே பாடம் எடுத்தவர், தான் சொன்ன எதுவும் இவர்கள் தலையில் ஏறவில்லை என்று தெரிந்து, கடைசி நாளில் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். யாரையும் நம்பாதே, சரிபார்த்துவிட்டு நம்பு. பாஸ்வேர்டைச் சரியாகச் சொல்பவன்தான் நம்ம ஆள், சொல்லாதவன் கடவுளே ஆனாலும் வெளியே நிறுத்து. முன்பின் தெரியாதவன் அனுப்பும் மெயிலைத் திறக்காமல் அழித்துவிடு. மூவரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். மந்திரத்துக்கு யார் அர்த்தம் கேட்கிறார்கள்?

கொசுவலை ஏற்றுமதி செய்யும் அங்கமுத்து முதலாளிக்கு அப்போது ஒரு தலைவலி. சைபர் செக்யூரிட்டி ஆள் வைத்திருந்தால்தான் ஆர்டர் என்று வெளிநாட்டுக்காரன் அடம்பிடித்தான். சல்லிசாக யார் வருவார்கள் என்று தேடினார், வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் புது டிசைன்கள் எல்லாம் பத்திரமாக வெளிநாடு போய்விட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கம்பெனிக்கே பூட்டுதான் என்று சொல்லி வைத்தார்.

முதல் நாள் பிச்சாண்டி டீ வாங்கப் போய்த் திரும்பி வந்தான். நல்லுசாமி கதவை மறித்தான்.

"நீ பிச்சாண்டின்னு எப்படி நம்பறது?"

"டீ கொண்டாந்திருக்கனே."

"பிச்சாண்டிகிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்திருக்கலாம்" என்றான் வீரமலை.

பிச்சாண்டி யோசித்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டான். தண்ணி பிடித்து வைக்காமல் ஓடிப்போன மனுஷன்தானே, அது நீதான் என்று அவள் உறுதி செய்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். டீ ஆறிப் போயிருந்தது.

புதன்கிழமை முதலாளி கோயம்புத்தூர் போயிருந்தபோது, அவருடைய கம்ப்யூட்டர் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த பாஸ்வேர்டை வீரமலை கண்டுபிடித்தான். கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பது மைக்செட்காரனின் தர்மம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் கட்டினார்கள்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. அங்கமுத்து கம்பெனியில் ஒரு பாஸ்வேர்டு கண்டெடுக்கப்பட்டுள்ளது. தவறவிட்டவர் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

யாரும் வரவில்லை. காணாமல் போன குழந்தை என்றால் சட்டை நிறம் சொல்வோமே, அடையாளம் சொல்லாமல் எப்படி வருவார்கள் என்று நல்லுசாமி கேட்டான். நியாயமாகப் பட்டது. ஆங்கிலத்தில் கொசு, பின்னால் ஒன்று இரண்டு மூன்று, வாலில் ஒரு நட்சத்திரம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி பலமுறை அறிவித்தார்கள்.

சாயங்காலம் ஒரு போன் வந்தது. நான்தான் முதலாளி பேசுகிறேன் என்றது ஒரு குரல். குரல் வேறு மாதிரி இருந்தாலும் பாஸ்வேர்டை நட்சத்திரம் உட்படப் பிசகாமல் சொன்னது. மூவரும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். கம்ப்யூட்டருக்குள் எந்த வழியாக வருவது என்று அது கேட்டதற்கும் பொறுமையாக விளக்கினார்கள்.

வியாழக்கிழமை முதலாளி வந்து பார்த்தால் பழைய பாஸ்வேர்டு செல்லவில்லை, டிசைன் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பணம் அனுப்பு, பூட்டைத் திறக்கும் சாவி எழுத்துகளை அனுப்புகிறேன் என்று திரையில் ஒரு மிரட்டல் நின்றது. நல்லுசாமிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "இனி யாராலயும் தொறக்க முடியாதுங்க. உங்களாலயே முடியாதுங்க. இதுக்கு மேல என்னங்க பாதுகாப்பு வேணும்?" என்று கேட்டான்.  முதலாளி வேறு வழியில்லாமல் திருடன் கேட்ட பணத்தைக் கட்டி அழுதார்.

திருடன் நாணயமானவன். உடனே சாவியை மெயிலில் அனுப்பினான். தெரியாதவன் மெயில் என்று பிச்சாண்டி அழித்தான். மறுபடி அனுப்பினான், மறுபடி அழித்தான். பொறுக்கமாட்டாமல் திருடனே போன் போட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள் என்றான்.

"அந்தத் திருடன் நீங்கதான்னு எப்படிங்க நம்பறது?" என்றான் நல்லுசாமி. "அவரு பேரைச் சொல்லி வேற எவனாச்சும் ஏமாத்தலாமில்லைங்க? ஆதாரோட நேர்ல வாங்க." முதலாளி போனைப் பிடுங்குவதற்குள் அந்த எண்ணையும் தடை செய்துவிட்டான்.

பணம் வாங்கிக்கொண்டு சாவி தரவில்லை என்று பேர் கெட்டுப்போனால் நாளைக்கு எவன் பணம் கட்டுவான்? திருடனுக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்துக் கம்பெனி கேட்டுக்கு வந்து ஆதாரை நீட்டினான். பிச்சாண்டி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். பேர் இருந்தது, ஊர் இருந்தது. திருடன் என்று எங்கேயும் போடவில்லையே என்று திருப்பிக் கொடுத்தான்.

முதலாளி உள்ளேயிருந்து வெளியே ஓடிவந்து திருடன் கையைப் பிடித்துக்கொண்டார். "இவருதான்டா திருடன். சத்தியமாச் சொல்றேன், உள்ள விடுங்கடா."

அவர் வெளியே வந்ததும் பிச்சாண்டி கேட்டைச் சாத்திவிட்டான். வீரமலை கம்பி வழியாக மரியாதையாகக் கேட்டான்.

"அவரு திருடன்னு நீங்க சொல்றீங்க. நீங்க யாருன்னு யாருங்க சொல்றது? பாஸ்வேர்டு?"

முதலாளி கொசுவிலிருந்து நட்சத்திரம் வரை ஒப்பித்தார். அது செல்லாதுங்க என்றான் வீரமலை. முதலாளி அழ ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்காமல் திருடன், தான் மாற்றி வைத்திருந்த புதுப் பாஸ்வேர்டைச் சொன்னான். நல்லுசாமி உள்ளே ஓடிப்போய் அடித்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் திறந்தது.

கேட்டும் திறந்தது. மூவரும் திருடனுக்கு வணக்கம் வைத்து உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பின்னாலேயே நுழையப் பார்த்த அங்கமுத்துவைத் தள்ளி நிறுத்தினார்கள். வேலை நிரந்தரமுங்களா, கல்யாணம் நிற்கிறது என்று வீரமலை கேட்டான். திருடன் முழித்தான். ஆமாம்னு சொல்லுங்க சாமி என்று வெளியே அங்கமுத்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று திருடன் தலையாட்டினான்.

வீரமலை நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான்.

"நீங்க நிம்மதியா உக்காருங்க முதலாளி. ஒரு திருடனை ஆதாரோட வரச் சொல்லியிருக்கோம். வந்தான்னா உங்ககிட்ட பிடிச்சுக் குடுக்கறோம்."